பிரஸ்ஸல்ஸ் சட்டமும் சித்தப்பாவின் ரோத்தானும்

முதல் அடி விழுந்தபோது நான் காரைப் பூட்டிக்கொண்டிருந்தேன். ஈரத்துணியைக் கல்லில் அறைகிற மாதிரி சத்தம். மத்தியானத்தில் யார் துணி துவைக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். அடுத்த சத்தத்தோடு ஓர் ஆள் அலறினான். தேயிலைக் கொழுந்து நிறுக்கும் கொட்டகைக்கு ஓடினேன்.

எங்கள் லைன் வீட்டு ஆட்கள் எல்லாரும் சுவரோரமாக நின்றிருந்தார்கள். நடுவில், சிமெண்டுத் தரையில், பைரோஸ் முட்டி போட்டிருந்தான். பங்களாதேஷிலிருந்து வந்து, எஸ்டேட் கான்ட்ராக்டரான என் சித்தப்பாவிடம் வேலை செய்கிறவன், அவரைத் தவுக்கே, அதாவது முதலாளி, என்று கூப்பிடுகிறவன். சட்டையைக் கழற்றியிருந்தார்கள். அவனுக்குப் பின்னால் ரோத்தான் பிரம்போடு நின்றவன் ரூபன். சித்தப்பாவின் ஒரே மகன், எஸ்டேட்டில் அவருக்கு மேஸ்திரி, எனக்குத் தம்பி. சித்தப்பா ஜெகதீஸ்வரன் தராசுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மடியில் கவாத்துக் கத்தி.

"வெள்ளக்காரன்கிட்ட என்னடா சொன்ன?"

"பூட்ஸ் வேணும் சொன்னேன், தவுக்கே. பூட்ஸ் மட்டும்."

"அடிடா."

ரூபன் அடித்தான். பைரோஸின் முதுகில் ஏற்கெனவே இருந்த சிவப்புக் கோட்டுக்குக் குறுக்காக இன்னொரு கோடு எழும்பியது.

பைரோஸ் சொன்னது சத்தியமான உண்மை. எனக்குத் தெரியும். அந்த வெள்ளைக்காரனுக்கு அவன் பேச்சை மொழிபெயர்த்தவள் நான்தான்.

நான் இந்த லைனில் பிறந்தவள். அப்பா போன பிறகு சித்தப்பாதான் என்னை வளர்த்தார், படிக்க வைத்தார். இப்போது பெல்ஜியத்தில் ஒரு பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்கிறேன். ஐரோப்பிய அரசியல், சர்வதேச அரசியல் பொருளாதாரம். "எங்க வசுமதி பொலிட்டிக்ஸ் டாக்டர்லா" என்று சித்தப்பா பிரிஞ்சாங் கடைத்தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். பிரஸ்ஸல்ஸில் ஒரு சட்டம் போட்டார்கள். ஐரோப்பாவில் விற்கிற பொருள் உலகத்தில் எங்கே விளைந்திருந்தாலும் சரி, அதை விளைவித்தவனை யாராவது அடித்தார்களா, அவன் பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைத்திருக்கிறார்களா என்று விற்கிற கம்பெனி விசாரித்தாக வேண்டும். கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது! அப்புறம் அந்தச் சட்டத்தின் பல்லை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார்கள். அந்தக் கூட்டங்களில் பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்து பார்த்தவள் நான். ஒரு வார்த்தையை எடுப்பதற்காக முதலாளிகள் சங்கம் விருந்து வைத்தது. இன்னொரு வார்த்தையைக் காப்பாற்ற ஒரு கட்சி மூன்று நாள் கத்திவிட்டு நான்காம் நாள் கை தூக்கிவிட்டது. இவ்வளவுக்கும் பிறகு மிச்சமிருக்கிற சட்டம் கம்பெனி, ஏற்றுமதிக்காரன், மேனேஜர், கான்ட்ராக்டர் என்று படி இறங்கி ஒரு தேயிலை மலைக்கு வந்து சேரும்போது என்னவாக இருக்கும் என்பதுதான் என் ஆய்வின் கேள்வி. அதைப் பார்க்கத்தான் ஊருக்கு வந்தேன்.

எங்கள் எஸ்டேட் தேயிலையில் கொஞ்சம் ராட்டர்டாமில் ஒரு கம்பெனிக்குப் போகிறது. அந்தக் கம்பெனி சட்டத்துக்குப் பயந்து ஒரு வெள்ளைக்கார ஆடிட்டரை அனுப்பியது. என் ஆய்வுக்காக அந்த அலுவலகத்தில் நான் முன்பே பேட்டி எடுத்திருந்தேன். தமிழும் மலாயும் தெரிந்தவள் என்பதால் மொழிபெயர்க்க என்னையே கேட்டார்கள். சித்தப்பாவுக்கு ஏகப்பட்ட சந்தோஷம். நம்ம வீட்டுப் பிள்ளை உள்ளே உட்கார்ந்திருந்தால் நமக்கு என்ன பயம் என்று நினைத்திருப்பார்.

இருந்தாலும் அவர் சும்மா இருக்கவில்லை. ஆடிட்டர் வருகிற அன்று காலையில் பங்ளாக்காரர்கள் அத்தனை பேரையும் லாரியில் ஏற்றி, கோபிஸ், அதாவது முட்டைக்கோஸ், விளைகிற திரிங்காப் காய்கறித் தோட்டத்துக்கு அனுப்பிவிட்டார். அதற்கு முதல் நாள் சாயந்திரம் தமிழ் ஆட்களை முனீஸ்வரர் கோயிலுக்கு வரச் சொல்லியிருந்தார். பூசாரி ரெங்கசாமி தட்டில் சூடம் ஏற்றினார். "வெளியாள்கிட்ட நம்ம கதய பேச மாட்டேன்" என்று ஒவ்வொருவராகச் சொல்லிவிட்டு, எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்தார்கள். பூசாரி அணைந்ததை மறுபடி ஏற்றுவார், அடுத்த ஆள் வருவான். ரூபனும் சூடம் அடித்தான். எங்கள் லைனில் கோர்ட்டு, போலீஸ், எழுத்து எதுவும் சூடத்துக்கு முன்னால் நிற்காது. சூடம் அடித்தவன் வாய் திறந்தால் குடும்பத்தில் ஓர் உயிர் போகும் என்று அத்தனை பேரும் நம்புகிறார்கள். ஐரோப்பாவில் இதையே காகிதத்தில் கையெழுத்து வாங்கிச் செய்வார்கள் என்று நான் ஓரமாக நின்று சிரித்துக்கொண்டேன். என் கையிலும் அப்படி ஒரு காகிதம் இருந்தது. சாட்சி சொன்னவர் பெயரை எந்த நிலையிலும் வெளியிட மாட்டேன் என்று பல்கலைக்கழகத்துக்கும் அந்தக் கம்பெனிக்கும் எழுதிக் கொடுத்திருந்தேன்.

பைரோஸ் லாரியில் போகவில்லை. காய்ச்சலில் லைனிலேயே படுத்துக் கிடந்தான். ஆடிட்டர் லைனைச் சுற்றிப் பார்க்கப் போனபோது அவனைக் கண்டுபிடித்து, வரச் சொல்லிவிட்டார். அவனிடம் யாரும் சத்தியம் வாங்கியிருக்கவில்லை. துலுக்கப் பையன் சூடம் அடித்தால் செல்லாது என்று ரெங்கசாமி முன்பே சொல்லியிருந்தாராம். மேனேஜர் அறையில் ஒவ்வொருவராக வந்து எல்லாம் நல்லா இருக்கு என்றார்கள். பைரோஸ் நடுங்கிக்கொண்டே உட்கார்ந்து, பூட்ஸ் ஓட்டையாகிவிட்டது, அட்டை உள்ளே வருகிறது, புதுசு வேண்டும் என்று மலாயில் மூன்று தடவை சொன்னான். காய்ச்சலுக்கு மாத்திரை கொடுத்து, தண்ணீர் கொடுத்து, அவன் வெளியே போக நேரமாகிவிட்டது. அத்தனை நேரம் அவன் உள்ளே இருந்ததை வெளியே காத்திருந்தவர்கள் பார்த்தார்கள்.

கடைசியாக வந்தவன் ரூபன். உட்கார்ந்ததும் அழுதான். அவனுக்கு ஆங்கிலம் நன்றாகவே தெரியும், ஆனாலும் தமிழில்தான் சொன்னான்.

"கமருஸ்ஸமான் ஓடிப் போவலக்கா. பாஸ்போட்ட கேட்டான். அப்பா கட்டயால அடிச்சாரு. நான்தான் அவன் ரெண்டு கையயும் பிடிச்சிக்கிட்டேன். மூச்சு இருந்திச்சி. திரிங்காப்புலேர்ந்து கோபிஸ் ஏத்திக்கிட்டு போற லோரியில, பின்னால தூக்கிப் போட்டுட்டு வந்துட்டோம். அவன் இருக்கானா செத்தானா தெரியலக்கா."

கமருஸ்ஸமான் பைரோஸோடு ஒரே அறையில் இருந்தவன். போன மழையில் சொல்லாமல் ஓடிவிட்டான் என்றுதான் எல்லாரும் நம்பினோம். நான் மொழிபெயர்த்தேன். ஆடிட்டர் காதில் விழுந்தது என் குரல். என் சித்தப்பாவைப் பற்றி, என் வாயால். நான் அதை வெளியே யாரிடமும் பேசவில்லை. ஆடிட்டர் போய்விட்டார். இரண்டு வாரத்தில் ராட்டர்டாமிலிருந்து மேனேஜருக்கு விஷயம் வந்தது. மேனேஜர் சித்தப்பாவைக் கூப்பிட்டு, சொன்ன ஆளைப் பிடித்து அதெல்லாம் பொய் என்று சொல்ல வை, இல்லாவிட்டால் உன் கான்ட்ராக்ட் போச்சு என்று சொல்லிவிட்டார். இதுதான் சட்டம் கீழே வந்து சேர்ந்த விதம்.

கொட்டகையில் ஒருவருக்கும் சந்தேகமே இல்லை. சூடம் அடித்தவன் மீற மாட்டான். சூடம் அடிக்காதவன் ஒரே ஒருத்தன். அப்புறம் என்ன யோசனை?

"நான்தான் சொன்னேன் தவுக்கே" என்று பைரோஸ் கடைசியில் அழுதான். "போதும். நான் சொன்னேன்."

"என்ன சொன்ன?"

அவன் யோசித்தான். நிஜமாகவே யோசித்தான். "பூட்ஸ்..."

கூட்டத்தில் யாரோ சிரித்துவிட்டார்கள். ரோத்தான் அவன் கழுத்தில் விழுந்தது.

நான் உள்ளே போய் ரூபனின் கையைப் பிடித்தேன். அவன் என்னைப் பார்க்கவில்லை. அவன் கண்ணுக்குக் கீழே சதை துடித்துக்கொண்டிருந்தது. அவனுக்கு மேல்மூச்சு வாங்கியது. தன் மேல் யாருக்கும் சந்தேகம் வந்துவிடக் கூடாது என்று உயிரைக் கொடுத்து அடிக்கிறான் என்று எனக்குப் புரிந்தது. எனக்கு அவனைக் கொன்றுவிடலாம் போல இருந்தது.

"சித்தப்பா, நிறுத்தச் சொல்லுங்க. அவன் ஒண்ணும் சொல்லல. நான் உள்ளதான இருந்தேன்."

"அப்ப சொன்னது யாருன்னு நீ சொல்லும்மா. விட்டுடறேன்."

"சொல்லக் கூடாது சித்தப்பா. எழுதிக் குடுத்திருக்கேன்."

"நல்லது. அப்ப ஓரமா நில்லு."

போனை எடுத்தேன். காளியம்மா என் கையைப் பிடித்தாள். நாலு வீடு தள்ளி இருப்பவள், நான் பிறந்தபோது என்னைக் குளிப்பாட்டியவள். "போலீசுக்கா? பெர்மிட்டு முடிஞ்சவன்லா அவன். வந்தா மொத அவனத்தான் ஏத்துவான்." கீழே கிடந்த பைரோஸும் போலீஸ் என்ற சொல்லைக் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினான். வேண்டாம், வேண்டாம். நான் போனை உள்ளே வைத்தேன்.

சித்தப்பா எழுந்து கத்தியை ரூபனிடம் நீட்டினார். கவாத்துக் கத்தி வளைந்தது, கனமானது. வருஷக்கணக்கில் முற்றிய தேயிலைக் கட்டையை ஒரே வெட்டில் சாய்க்கும்.

"இந்தக் கையத்தான வெள்ளக்காரன்கிட்ட நீட்டி நீட்டி பேசின. கைய தராசுல வைங்கடா."

இரண்டு பேர் பைரோஸின் வலது கையைப் பிடித்துத் தராசுத் தட்டில் அழுத்தினார்கள். ரூபன் கத்தியைத் திருப்பினான். கத்தியின் முதுகு விரல்களின் மேல் இறங்கியது. சத்தம் பெரிதாக இல்லை. பைரோஸின் வாய் திறந்தபடியே இருந்தது, அலறல் கொஞ்சம் கழித்துத்தான் வந்தது. நடுவிரலும் அடுத்ததும் போகாத பக்கமாகத் திரும்பியிருந்தன. ஒரு பெண் முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டாள். ஆனால் ஒருவரும் ஓர் அடி முன்னால் வரவில்லை.

"இப்ப வாய்ப் பக்கம்" என்றார் சித்தப்பா.

ரூபன் கத்தியைத் திருப்பினான். கூர் கீழே வந்தது.

என் காகிதமும் கையெழுத்தும் எங்கேயாவது போகட்டும்.

"ரூபன்!" என்று கத்தினேன். "சொன்னது ரூபன். எல்லாத்தையும் சொன்னது அவன்தான். பைரோஸ் இல்ல. என் தம்பி ரூபன்."

கத்தி நின்றது. கொட்டகைத் தகரத்தில் தூறல் விழுகிறது கேட்டது. ரெங்கசாமி முனீஸ்வரா என்று முனகினார். ரூபன் அசையாமல் நின்றான். நான் ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்தேன். உண்மை வந்துவிட்டால் அடி நிற்கும் என்று நம்புகிற முட்டாளாகத்தான் இத்தனை படிப்புக்குப் பிறகும் நான் இருந்தேன்.

சித்தப்பா என் பக்கத்தில் வந்தார். அவர் மேல் சந்தன வாசனை. யாருக்கும் கேட்காத குரலில், கிட்டத்தட்ட அன்பாகவே சொன்னார்.

"தெரியும்மா. கோபிஸ் லோரின்னு மேனேஜர் தொர சொன்ன அன்னிக்கே தெரியும். அந்த லோரி எனக்கும் அவனுக்கும் மட்டும்தான் தெரியும். அதான் ரோத்தான அவன் கையில குடுத்தேன்."

இது பைரோஸுக்கு நடக்கிற விசாரணையே இல்லை. மகனுக்குத் தண்டனை கொடுக்க பைரோஸின் உடம்பைப் பயன்படுத்துகிறார். மேனேஜருக்குக் காட்ட ஓர் ஆளும் கிடைத்த மாதிரி ஆயிற்று.

சித்தப்பா கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். குரல் மாறிவிட்டது. "கேட்டீங்களா? படிச்ச புள்ள, பங்ளா மேல பரிதாபப்பட்டு, கூடப் பொறந்தவன் மாதிரி இருக்கறவன் மேல பழி போடுது. சூடம் அடிச்சவன் மீறுவானா? நீங்களே சொல்லுங்க."

"மீற மாட்டான்" என்றார்கள். காளியம்மாவும் சொன்னாள். எனக்கு அவள் முகத்தில் அறைய வேண்டும் போல இருந்தது.

"கத்திய போட்டுட்டு ரோத்தான எடு. அடிடா."

ரூபன் ரோத்தானை எடுத்தான். அவன் கை ஓங்கியபோது நான் பைரோஸின் மேல் விழுந்தேன். யோசித்துச் செய்யவில்லை. அடி என் முதுகில் இறங்கியது. ஜாக்கெட்டைத் தாண்டி நெருப்பு இழுத்த மாதிரி இருந்தது. எனக்குக் கீழே பைரோஸின் உடம்பு கொதித்தது. அவனுக்குக் காய்ச்சல் இன்னும் விடவில்லை.

"அக்கா" என்றான் ரூபன். அவன் குரல் சின்னப் பையன் குரலாக இருந்தது. "அக்கா, எந்திரிங்க."

"எந்திரிக்கலன்னா அவளையும் சேத்து அடிடா" என்றார் சித்தப்பா.

அந்த வார்த்தைதான். ரூபன் திரும்பினான். முதல் அடி சித்தப்பாவின் வாயில் விழுந்தது. அவர் பின்னாலிருந்த நாற்காலி மேல் சாய்ந்து விழுந்தார். இரண்டாவது அடி காதில். பைரோஸை அடித்ததை விட வேகமாக, ஒரு சொல்லும் பேசாமல் அடித்தான். சித்தப்பாவின் வெள்ளைச் சட்டை முன்பக்கம் முழுக்க ரத்தமானது. அவர் முகத்தை மூடிக்கொண்டு தரையில் உருண்டார், ரூபன் கூடவே போய்க் குனிந்து அடித்தான். ரோத்தான் முறிந்தது. முறிந்த முனையைத் திருப்பிப் பிடித்துக் குத்தப் போனான்.

சுவர் காலியானது.

அத்தனை பேரும் ஓடி வந்தார்கள். "ஐயோ, பெத்த தகப்பன்டா!" என்று காளியம்மா நெஞ்சில் அடித்துக்கொண்டு அவன் காலைப் பிடித்தாள். ரெங்கசாமி இடுப்பைக் கட்டிக்கொண்டார். பைரோஸின் கையைத் தராசில் அழுத்திப் பிடித்திருந்த அந்த இரண்டு பேரும் இப்போது ரூபனின் கையைப் பிடித்தார்கள். ஒருவன் தண்ணீருக்கு ஓடினான். ஒருத்தி சித்தப்பாவின் தலையை மடியில் தூக்கி வைத்து அழுதாள். இவ்வளவு கைகள் இந்தக் கொட்டகையில் இருந்தனவா என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

அப்போதுதான் என் கையைப் பார்த்தேன். அது ரூபனின் சட்டைக் காலரைப் பிடித்து முழு பலத்தோடு பின்னால் இழுத்துக்கொண்டிருந்தது. "விடுடா, சித்தப்பாடா, செத்துடுவாருடா" என்று நான் அலறிக்கொண்டிருந்தேன். எப்போது எழுந்தேன், எப்போது ஓடி வந்தேன் என்று தெரியவில்லை. பைரோஸை அடித்தபோது நான் ரூபனின் கையை ஒரு தடவை தொட்டேன், பேசினேன், போனை எடுத்து உள்ளே வைத்தேன், அவன் விரல் உடையும் வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றேன், அதற்கப்புறம்தான் அவன் மேல் விழுந்தேன். சித்தப்பாவுக்கு என்றதும் என் உடம்பு என்னைக் கேட்கவே இல்லை.

காலரை விட்டுவிட்டுத் திரும்பினேன். பைரோஸ் கிடந்த இடம் காலியாக இருந்தது. கதவு வரைக்கும் சிமெண்டில் ரத்தச் சொட்டு.

காரை எடுத்தேன். தானா ராத்தா ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும், பணம் நான் கட்டுகிறேன், ராட்டர்டாமுக்கும் பிரஸ்ஸல்ஸுக்கும் நானே எழுதுகிறேன், கமருஸ்ஸமானைத் தேடச் சொல்கிறேன் என்று என்னென்னவோ சொல்லிக்கொண்டே ஓட்டினேன். தேயிலைச் சரிவைச் சுற்றி வருகிற இரண்டாவது வளைவில் அவன் போய்க்கொண்டிருந்தான். சட்டை இல்லை. ஒரு காலில் மட்டும் பூட்ஸ். வலது கையை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தான். மழை அவன் முதுகைக் கழுவிக்கொண்டிருந்தது.

அவனுக்கு முன்னால் நிறுத்தி இறங்கினேன். "பைரோஸ், வா, ஏறு" என்று கையை நீட்டினேன்.

அவன் பின்னால் நகர்ந்து சாலையோரக் கால்வாயில் விழுந்தான். நான் பிடிக்கப் போனேன். அவன் அந்த உடைந்த கையையே தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டான்.

"அக்கா" என்றான். "அடிக்க வேணாம், அக்கா."